குடம் இல்லாத அறிக்கை

இருபது ஆண்டுகள் செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதை வெட்டினேன். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில், இட்லி மாவை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஒரு சிறிய கம்பெனியிலும் அதே வேலைதான். கம்பெனியின் ஆப்பில் டெஸ்டர் கண்டுபிடிக்கும் பிழைகள் முதலில் என்னிடம் வரும். சுருக்கித் திருத்தி டெவலப்பரிடம் கொடுப்பேன்.

எங்கள் டெஸ்டர் மேனாம்பேட்டில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். சேர்ந்து மூன்று மாதம் முடியப்போகிறது. நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று மேனேஜர் வெள்ளிக்கிழமை முடிவு செய்வார். டெஸ்டருக்கு எதிராக இருந்தது ஒரே ஒரு விஷயம். ஒரே நெட்வொர்க் புகாரை அவர் மூன்று முறை அனுப்பியிருந்தார். மூன்று முறையும் டெவலப்பர் அதன்மேல் ‘இங்கே நடக்கவில்லை’ என்று எழுதித் திருப்பியிருந்தார்.

“நாலாவது தடவையும் இதே கதைன்னா, வேற டெஸ்டர் பாத்துக்கலாம்” என்றார் மேனேஜர்.

டெஸ்டர் எழுதியது இது: ‘காலைல தண்ணி லாரி வந்துது. ரெண்டு கொடம் எடுத்துக்கினு லைனுக்குப் போனேன். லைன்ல நின்னு ஆப்பைத் தொறந்தா இணைப்பு இல்லைன்னு வருது. மத்ததெல்லாம் ஓடுது.’

மூன்று முறையும் நான் அதை இப்படி ஆக்கினேன்: ‘வீட்டிலிருந்து தெருவுக்குச் சென்றால் ஆப் இணைப்பை இழக்கிறது.’ ஆறு சொற்கள். லாரி, குடம், லைன் எல்லாம் வெறும் வர்ணனை என்று எடுத்துவிட்டேன். அந்தச் சுருக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சேக்காட்டில் குடியிருந்த டெவலப்பர், கையில் போனோடு வீட்டிலிருந்து தெருவுக்கு நடந்து பார்த்தார். அலுவலகத்திலிருந்து டீக்கடை வரை நடந்து பார்த்தார். எல்லா இடத்திலும் ஆப் ஓடியது.

“அந்த அக்கா ஊட்டு வைஃபைல பேய் கீதுண்ணா” என்றார் என்னிடம்.

வியாழக்கிழமை காலை, கடைசியாக ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு வரும்படி மேனேஜர் எங்கள் இருவரையும் அனுப்பினார். நாங்கள் போனபோது தெருவில் தண்ணீர் லாரி நின்றது. டெஸ்டர் வாசலில் காத்திருந்தார். இரவு தூங்காத முகம்.

டெவலப்பர் போனை நெஞ்சுக்கு நேரே, ஆரத்தித் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, வாசலிலிருந்து லாரி வரை நடந்தார். ஆப் ஓடியது. திரும்பி வந்து மறுபடி நடந்தார். ஓடியது. ஐந்தாவது நடைக்கு லைனில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். முதலில் நின்ற பச்சைக் குடத்து அம்மாள் கேட்டார்:

“இன்னா நைனா, டவர் வெக்கப் போறியா? அந்தாண்ட வெய். லாரி திரும்பணும்.”

“டவர் இல்லமா. மாவு ஆப்பு.”

“மாவுக்கா இப்டி தேடிக்கினு கீற? முக்குக் கடைல கீது, போ.”

டெஸ்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், நான் லைன்ல நிக்கறப்பதான் அது வரும். நீங்களும் நின்னு பாருங்களேன்.”

டெவலப்பர் லைனின் கடைசியில் போய் நின்றார். பச்சைக் குடத்து அம்மாள் விடவில்லை.

“தே, கொடம் இல்லாம லைன்ல நிக்கக் கூடாது.”

“நான் தண்ணி புடிக்க வரலமா.”

“அப்போ இன்னாத்துக்கு லைனு?”

டெவலப்பர் டெஸ்டரோடு வீட்டுக்குள் போனார். போனைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கைக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு வெளியே வந்தார். நாற்பது அடி நடந்து லைனில் நின்றார். குடங்களைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தார்.

‘இணைப்பு இல்லை. சற்று நேரம் கழித்து முயலவும்.’

டெவலப்பர் வீட்டுக்குப் போய், குடமில்லாமல் போனை ஏந்தி வந்தார். ஓடியது. குடங்களோடு வந்தார். ஓடவில்லை. மூன்றாவது சுற்றில் ‘ஓடும்’, ‘ஓடாது’ என்று லைனே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது.

“கொடத்தோட போனா போவுது, கொடம் இல்லாட்டி வருது” என்றார் டெவலப்பர் என் காதருகே. “நாலு வருசம் இஞ்சினியரிங் படிச்சிக்கீறேண்ணா.”

காரணம் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. போன் கையில் இருந்தால் திரை எரிந்துகொண்டிருக்கும். வீட்டு வைஃபை விட்டுப்போய் மொபைல் டேட்டா வருவதை ஆப் கவனித்து மாறிக்கொள்ளும். இரண்டு கையிலும் குடம் இருந்தால் போன் பைக்குள் போகும், திரை அணையும். அந்த நேரத்தில் நடக்கும் மாற்றம் ஆப்புக்குத் தெரியவில்லை. லைனுக்கு வந்த பிறகும் அது வீட்டு வைஃபையையே தேடிக்கொண்டிருந்தது.

“கொடம் தூக்கிக்கினு போனேன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதாக்கா?” என்றார் டெவலப்பர்.

“மூணு தபாவும் எழுதிக்கீறேனே சார்.”

“எனக்கு வந்ததுல கொடமே இல்லையே.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான்தான் எடுத்துட்டேன்” என்றேன். “தேவையில்லைன்னு நெனச்சேன்.”

டெஸ்டர் கோபப்படவில்லை. புரியாமல்தான் கேட்டார்: “கொடத்தை எடுத்துட்டா லைன்ல எப்டிணா நிக்கிறது?”

நான்காவது அறிக்கையை அவர் அன்று மதியமே எழுதினார். லாரி, லைன், இரண்டு குடங்கள் (காலி) எல்லாம் அதில் இருந்தன. நான் ஒரே ஒரு காற்புள்ளி சேர்த்தேன். பிறகு அதையும் எடுத்துவிட்டு அனுப்பினேன். டெவலப்பர் ‘நடக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அறிக்கைப் படிவத்தில் கையெழுத்துக்கு இடமே கிடையாது. தன் பெயரைத் தட்டச்சு செய்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் எங்கள் முன்னால் டெஸ்டருக்குப் போன் செய்தார். நல்ல செய்தியை நிதானமாகச் சொல்வதற்காகத் தண்ணீர்கூடக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். “உங்க வேலையைப் பத்தி ஒரு முடிவு எடுத்திருக்கோம்” என்பதுவரை வந்தார்.

“சார், லாரி வந்துகீது. அப்பால பேசறேன்” என்ற குரல் எங்களுக்கும் கேட்டது. இணைப்பு அறுந்தது.

மேனேஜர் வேலை நிரந்தரம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இருபது நிமிடம் கழித்துப் பதில் வந்தது: ‘ரொம்ப தாங்ஸ் சார். இன்னிக்கி தண்ணி பிரெஷர் கம்மி. இன்னும் மூணு கொடம் கீது.’