கறியை விட்ட வருஷம்

கறி என்றால் எனக்கு உயிர். பிறந்த வீட்டில் ஒரு நல்லி எலும்புக்காகத் தம்பியின் கையைக் கடித்து வைத்தவள் நான். அப்படிப்பட்டவள் கறியை விட்டேன் என்றால், அதற்குக் காரணம் என் வீட்டுக்காரருக்கு வந்த விஷக்காய்ச்சல்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. எங்கள் வாசலில் நின்றால் திருச்செங்கோட்டு மலை தெரியும். காய்ச்சல் மூன்றாவது வாரம் போனபோது, அவர் என்னையே பார்த்து யாரென்று கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்! வெளியே வந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டேனா, சண்டை போட்டேனா, இன்றைக்கும் தெரியாது. "இவரத் திருப்பிக் குடு சாமி. உசுரு இருக்கற மட்டும் கறிய வாயில வெக்க மாட்டேன்" என்றேன். அதைவிட ஆசையானது என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இருவருமாக மலையேறிக் கும்பிட்டு வரும்வரை வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவருக்கோ வாசற்படி தாண்டவே கால் நடுங்கியது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல வெளியடுப்பில் கறிச்சட்டியை ஏற்றி, எல்லோருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் உட்கார்ந்து மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். அந்த வாசனைக்கு எனக்கு அழுகையே வரும். உப்புப் பார்க்காமல் ஆக்கியதால் குழம்பு ஒரு வாரம் கரித்தது, மறுவாரம் சப்பென்று இருந்தது.

பொறுத்துப் பார்த்த மாமியார், ஒரு ஞாயிறு கரண்டியில் குழம்பெடுத்து என்னிடம் நீட்டினார். "உப்புப் பாரு சாமி."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "வேண்டாமுங்க அத்தை. அந்த வாசமே எனக்கு ஆகறதில்லீங்க."

அவர் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் சாமி. நீ எந்திரி. அடுப்புக்கிட்ட நிக்காத" என்றார்.

ஐயோ, இது மசக்கை என்று நினைத்துவிட்டாரே! அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேண்டுதலுக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்றால் அது பொய். மறுநாள் என் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கிக்கொண்டார். மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி, தட்டில் வைத்துக் கொடுத்தார். அப்படி என்னை யாரும் தாங்கியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நான்கு நாள் வெட்கமில்லாமல் தின்றேன்.

ஐந்தாம் நாள், மாமியார் தன் பழைய சேலை ஒன்றை அலசிக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்டேன். "தூளி கட்டத்தான். பழைய சேலைன்னாத்தான் புள்ளைக்கு மெத்துனு இருக்கும்" என்றார்.

நேரே என் வீட்டுக்காரரிடம் போய், வேண்டுதலிலிருந்து மாங்காய் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அட கூறு கெட்டவளே, எனக்காகவா கறிய உட்ட?" என்றார். பிறகு, "நீ இரு, ஆத்தாகிட்ட நாஞ் சொல்லறேன்" என்று எழுந்தார்.

"வேண்டாமுங்க. மறைச்சு வெச்சது நானு. நானே சொல்லறேன்" என்றேன்.

சொன்னேன். மாமியார் ஈரச் சேலையைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேண்டுதலைச் சொல்லிவிட்ட பயம் வேறு. காய்ச்சல் திரும்புகிறதோ என்று என் வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நல்லவேளை, குளிர்ந்துதான் இருந்தது.

மறுநாள் காலை அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் அதே தட்டு. கீறிய மாங்காய், உப்பு, மிளகாய்ப் பொடி.

"இனி எனக்கு எதுக்குங்க அத்தை?" என்றேன்.

"ஏன், வயித்துல புள்ள இருந்தாத்தான் மாங்கா தின்னோணும்னு எவ சொன்னா?" என்று அதட்டினார். தட்டை என் மடியில் வைத்தார். "எம்பட பையன உசுரோட வெச்சிருக்கறவ நீ. தின்னு சாமி."