மேஸ்திரி இல்லாமல் ஓடிய மில்

எங்கள் இராஜபாளையம் மில்லில் அவர் ஸ்பின்னிங் மேஸ்திரி. முறுக்கிய மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நாற்காலி போட்டு எல்லோருக்கும் தரிசனம் தந்துகொண்டிருந்தார். பேண்டேஜ் துணி நெய்கிற ஊர்க்காரர்கள் அல்லவா, பார்க்கப் போன நாங்கள் பழத்துக்குப் பதில் பேண்டேஜ் கட்டுகளைக் கொண்டுபோனோம். ஒரு பட்டாளத்துக்கே போதும்.

யார் வந்தாலும் வேட்டியை ஒதுக்கித் தழும்பைக் காட்டுவார். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஆனால் முதலாளி கார் அனுப்பட்டும் என்று மேஸ்திரி காத்திருந்தார்.

"நான் இல்லாம ஸ்பின்னிங் ஓடாதுலே. அவியளே வந்து கூப்புடட்டும்."

அவரை நிம்மதிப்படுத்த நினைத்து, "அதெல்லாம் நல்லா ஓடுது அண்ணாச்சி. இப்ப இழை அறுறதே கொறஞ்சு போச்சு. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றேன்.

தழும்பை வேட்டியால் மூடிக்கொண்டார்.

மறுநாள் காலைச் சங்குக்கு முன்பே டவுன் பஸ்ஸில் வந்து, கைத்தடியோடு மில் வாசலில் நின்றார். "முட்டி வலி போயிருச்சா அண்ணாச்சி?" என்றேன். நேரே மெஷின்களுக்கு நடுவே நடந்தார். எங்கும் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. முகம் சுருங்கிவிட்டது. கடைசி மெஷினிடம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிச் சற்று நேரம் நின்றார். பிறகு அறுந்த இழை ஒன்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"பாத்தியாலே? ஆளில்லன்னா இப்படித்தான்."

அந்த இழை தானாக அறுந்ததா என்று இன்றுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.