என் தங்கை வீட்டு ஃபிரிட்ஜ்

பாரீஸில் இருக்கும் ஒரு பத்திரிகைக்கு இதுவரை மூன்று கடிதம் எழுதிவிட்டேன். நல்ல பிரெஞ்சில், ஒரு பிழை இல்லாமல். காரைக்கால் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவள் நான். பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் ஊர்க்காரர்களுக்கு அங்கிருந்து வரும் கடிதங்களை இன்றும் நான்தான் படித்துச் சொல்கிறேன். அந்தப் பத்திரிகையிடமிருந்து மட்டும் ஒரு வரி பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தேதான் மூன்றாவதையும் எழுதினேன். கோபம் அடங்க வேண்டுமே.

விஷயம் இதுதான். பாரீஸுக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் என் தங்கையின் மகன் ஒரு படத்தில் நடித்தான். வேலையில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் திரியும் நான்கு இளைஞர்களைப் பற்றிய படம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. மாடிப்படியில் உட்கார்ந்து புகைப்பார்கள். யாராவது ஏதாவது கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நிஜத்தில் எங்கள் பையன் வாய் ஓயாமல் பேசுகிறவன், ஒழுங்காக ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். அந்த இரண்டு மணி நேரப் படத்தில் அவன் பேசியது பதினோரு வார்த்தை. உட்கார்ந்து எண்ணினேன்.

படத்தில் அவன் வீடாக வருவது என் தங்கையின் வீடேதான். கேட்டார்கள், கொடுத்தாள். விடியற்காலையில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யப் போகிறவள், அதற்காக இரண்டு நாள் லீவு போட்டாள். வந்தவர்கள் பதினெட்டுப் பேர். அடுப்படிக்குள் நுழைந்ததும் இட்லிப் பானை, மிக்ஸி, மசாலா டப்பாக்கள், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் தூக்கிப் படுக்கையறையில் போட்டார்கள். ஃபிரிட்ஜில் ஒரு தயிர்க் கிண்ணத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. காட்சிக்கு அப்படித்தான் வேண்டுமாம். மதியம் பக்கத்து வீட்டு அடுப்பில் நின்று அத்தனை பேருக்கும் இறால் குழம்பும் முட்டைக்கோஸ் பொரியலும் செய்து போட்டாள். இயக்குநர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். இதைப் போனில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை.

படம் வெளியானபோது அவளுக்கு வேலை, பார்க்க முடியவில்லை. ஆகஸ்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, எங்கள் பிரெஞ்சு சங்கத்துக்காரர்கள் அதைக் காரைக்காலில் திரையிட ஏற்பாடு செய்தார்கள். படம் முடிந்ததும், அந்தப் பாரீஸ் பத்திரிகையில் வந்த விமர்சனத்தைத் தமிழில் வாசிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெருமை தாங்காமல், பிரெஞ்சு மூலத்தை ஜெராக்ஸ் எடுத்து நாற்காலிக்கு ஒன்றாக வைக்கவும் ஏற்பாடு செய்தேன். முழுதாகப் படித்துப் பார்க்காமலே செய்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது.

திரையிடலுக்கு முதல் நாள் உட்கார்ந்து மொழிபெயர்த்தபோதுதான் கடைசிப் பத்தி கண்ணில் பட்டது. காலி ஃபிரிட்ஜைத் திறந்து மூடும் அந்த ஒரு காட்சியே போதும், அந்த அடுப்படியில் அவனுக்காக யாரும் ஒருநாளும் சமைத்ததில்லை என்பது புரிந்துவிடுகிறது, இப்படிப்பட்ட வீடுகளில் அம்மாக்கள் இருந்தும் இல்லாதவர்கள்தான் என்று எழுதியிருந்தார் அந்த விமர்சகர். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காலி செய்தது அவர்கள். வயிறாரச் சாப்பிட்டதும் அவர்கள். பிள்ளையைப் பட்டினி போட்டவள் என்ற பட்டம் மட்டும் என் தங்கைக்கா?

அவளுக்கு இது எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். "நான் கெளம்புறப்ப அது தூங்கிட்டிருக்கும்க்கா, திரும்பி வர்றப்ப பள்ளிக்கூடம் போயிருக்கும்" என்று எத்தனையோ வருடம் போனில் அழுதவள். டப்பா டப்பாவாக ஆக்கி, காலைக்கு எது, மதியத்துக்கு எது என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனவள். தமிழில் அந்த வரியை விட்டுவிட்டேன். ஜெராக்ஸெல்லாம் அதற்குள் சங்கத்துக்குப் போய்விட்டது; அவளுக்குப் பிரெஞ்சு பேச வருமே தவிர படிக்க வராது என்று இருந்துவிட்டேன்.

திரையிடல் அன்று படத்தைப் பார்த்துக்கொண்டே என் கையை இடித்தாள். "அக்கா, நம்ம ஃபிரிட்ஜு" என்று சிரித்தாள். படம் முடிந்தது. நான் வாசித்தேன், கைதட்டினார்கள். அப்போது முன்வரிசையில் இருந்து, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஜெராக்ஸும் கையுமாக எழுந்தார்.

"டீச்சர், கடைசியில ஒரு வரிய விட்டுட்டீங்களே."

விட்டதை அவரே தமிழில் சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை, தனக்கும் பிரெஞ்சு தெரியும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். என் தங்கை இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள்.

"அது எங்க வீட்டு ஃபிரிட்ஜுங்க. படத்துக்காகக் காலி பண்ணாங்க. அன்னிக்கு வந்த பதினெட்டுப் பேருக்கும் நாந்தாங்க ஆக்கிப் போட்டேன்."

இரண்டு பேர் கைதட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மா, "பாவம், வேலைக்குப் போற பொம்பள என்ன செய்யும்" என்றார். எதிரே நின்று சொல்கிறவளை நம்பவில்லை, திரையில் பார்த்ததை நம்பினார்கள். இதைவிட வேறு என்ன அநியாயம் வேண்டும்?

திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது வழியெல்லாம் அந்த விமர்சகரைத் திட்டிக்கொண்டே வந்தேன். இயக்குநரைத் திட்டினேன், ஓய்வு பெற்றவரையும் விடவில்லை. பாலம் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தாளு என்னைப் பாத்ததில்ல, எழுதிட்டான்" என்றாள். "நீ ஏன்க்கா அந்த வரிய விட்ட? பொய்யின்னு நெனச்சிருந்தா வாசிச்சிருப்பதானே?"