மன்னார்புரத்துப் பச்சைக் கார்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மழையில் என் கணவர் சைக்கிளோடு வழுக்கி விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலது முழங்கால் மடங்கவே இல்லை. அவருக்கு வேலை பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில். வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில். காவிரியைத் தாண்டி, ஊரின் அந்தக் கோடிவரை தினமும் போய்வர வேண்டும். ரயில் பெட்டியின் உயரமான படியில் அவரால் ஏற முடியவில்லை. பஸ்ஸில் ஏறினால், நீட்டிய காலை யாராவது மிதித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். அவர் அதைச் சொன்ன குரல் எனக்குப் பயமாக இருந்தது.

பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று சொன்னது நான்தான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். புதுக்கோட்டையில் என் அண்ணன் டாக்சி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு விளையாட்டாகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்து, லைசென்ஸ் வரைக்கும் வாங்கிக் கொடுத்திருந்தார். என் கணவர் கார் யோசனைக்குச் சம்மதித்தார். ஆனால் நான் ஓட்டுவதற்கு இல்லை.

"கொஞ்ச நாள்ல கால் மடங்கிடும். அதுவரைக்கும் யாரையாவது டிரைவரா வெச்சுக்கலாம்" என்றார்.

"கால் மடங்காதுன்னு டாக்டர் சொன்னாரே?"

"டாக்டருக்கு எல்லாம் தெரியுமா?"

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு பேச்சும் அந்தக் காலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

மன்னார்புரத்தில் ஒரு வியாபாரியிடம் சின்ன பெட்ரோல் கார் இருப்பதாக ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குதிரைவண்டியில் போனோம். பச்சைக் கார். இரண்டே கதவு. மெழுகு போட்டுத் துடைத்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் சீட்டில் புது ரெக்ஸின் வாசனை. என் கணவரின் முகம் மலர்ந்ததை வெகுநாள் கழித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் பானெட்டின் மேல் கை வைத்தேன். சுட்டது.

"காலைல மார்க்கெட்டுக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேம்மா" என்றார் வியாபாரி, நான் கேட்காமலே.

திரும்பி வாசலைப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு ஒரே ஒரு வாசல். அதை அடைத்தாற்போல் பெரிய கோலம் போட்டிருந்தது. கார் உள்ளே வரவேண்டுமானால் அதன்மேல் ஏறித்தான் வரவேண்டும். கோலத்தில் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. வண்டி எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஆறிப்போன எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று நாங்கள் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

என் கணவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "ஏங்க, அவர் பொய் சொல்றாரு. இன்னொரு நாள், வண்டி ஆறியிருக்கறப்ப வந்து பாக்கலாம்."

"இன்னொரு நாள் வந்தா வேற யாராவது வாங்கிட்டுப் போயிடுவாங்க. நீ சும்மா இரு" என்றார். சொல்லிவிட்டுக் கையால் காரின் கூரையைத் தடவினார்.

ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று கிளம்பினோம். வியாபாரி ஓட்டினார். என் கணவர் பக்கத்து சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். இரண்டு கதவு வண்டியாதலால் முன்சீட்டை மடக்கி, நான் முதலிலேயே பின்னால் ஏறியிருந்தேன். போகும் வழியெல்லாம் வியாபாரி பேசிக்கொண்டே வந்தார். எஞ்சின் நடுநடுவே விக்கியது. விக்கும்போதெல்லாம் அவர் குரலை உயர்த்தினார்.

பொன்மலைக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட். திறந்துதான் இருந்தது. வண்டி மேட்டில் ஏறித் தண்டவாளத்தின் மேல் முன்சக்கரம் இறங்கியது. ஒரு குலுக்கல். எஞ்சின் நின்றுவிட்டது.

வியாபாரி டாஷ்போர்டிலிருந்த ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். கரகரவென்று சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் இழுத்தார். அதற்குள் கேட்காரர் ஓடிவந்தார்.

"வண்டிய எடுங்கய்யா! தஞ்சாவூர் பாசஞ்சர் வர நேரம்!"

"ஒண்ணுமில்ல, பெட்ரோல்ல தூசி" என்றார் வியாபாரி. கீழே குதித்து, கதவுத் தூணில் தோளை வைத்துத் தள்ளினார். சக்கரம் தண்டவாளத்தின் பள்ளத்திலிருந்து அசையவில்லை. தூரத்தில் ரயில் ஊதும் சத்தம் கேட்டது. கேட்காரர் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு அந்தச் சத்தத்தை நோக்கி ஓடினார். வியாபாரி ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு ரோட்டோரத்துக்கு ஓடிவிட்டார்.

என் கணவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். நீட்டிய கால் டாஷ்போர்டுக்கும் கதவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் காலைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"நீ இறங்கு" என்றார். "அந்தப் பக்கமா இறங்கிடு. வீட்டுல பிள்ளைங்க இருக்கு."

நான் டிரைவர் சீட்டின் முதுகைத் தாண்டி ஏறினேன். புடவை ஹேண்ட்பிரேக்கில் மாட்டிக் கிழிந்தது. திறந்த கதவு பக்கத்தில் இருந்தது. இறங்கினால் நான் தப்பிவிடலாம். எனக்கு அதை யோசிக்கவே நேரமிருக்கவில்லை, அல்லது யோசித்தும் மறந்துவிட்டேனோ என்னவோ. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அண்ணன் ஒருமுறை புதுக்கோட்டைக் குளத்தங்கரையில் செய்துகாட்டியது கைக்கு வந்தது. எஞ்சின் ஓடாவிட்டாலும், முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டரை இழுத்தால், பேட்டரியின் பலத்திலேயே வண்டி தவ்வித் தவ்வி நகரும்.

இழுத்தேன். வண்டி தவளைபோல் ஒரு எம்பு எம்பி நின்றது. மறுபடி இழுத்தேன். முன்சக்கரம் பள்ளத்தை விட்டு ஏறியது.

"இறங்குடி!" என்று கத்தினார்.

"பேசாம இருங்க!"

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. ஸ்டார்ட்டரின் சத்தம் முனகலாக இறங்கிக்கொண்டே வந்தது. பேட்டரி சாகிறது என்று தெரிந்தது. இன்னும் ஒரு தவ்வல், இன்னும் ஒன்று. பின்சக்கரம் இரண்டாவது தண்டவாளத்தை உரசிக்கொண்டு தாண்டியது. மேடு சரிவாக மாறி, வண்டி தானே உருள ஆரம்பித்தது. கேட்டைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

கொடியைப் பார்த்து வேகம் குறைத்த பாசஞ்சர், சற்று நேரத்தில் மெதுவாக எங்களைக் கடந்துபோனது. எஞ்சினிலிருந்து ஒருவர் எட்டிப்பார்த்து ஏதோ திட்டினார். நீராவிச் சத்தத்தில் காதில் விழவில்லை.

வியாபாரி மூச்சிரைக்க வந்தார். "நல்ல வண்டிங்க. கார்புரேட்டரை ஒருதடவை சுத்தம் பண்ணிட்டா—"

என் கணவர் என்னிடம், "காலைக் கொஞ்சம் பிடி" என்றார். பிடித்து வெளியே எடுத்துவிட்டேன். ஒரு வண்டி பிடித்து வீடுவரை வந்தோம். காவிரிப் பாலத்தில் வரும்போது அவர் கை மட்டும் என் கிழிந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்று முழுக்க அவர் பேசவில்லை. கோபமா, அவமானமா என்று தெரியாமல் நானும் சமையலறையை விட்டு வரவில்லை. மறுநாள் ஆபீசுக்குப் புறப்படும்போது, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீ ஓட்டறதா இருந்தா கார் பாக்கலாம். நீ பாத்து சொல்றதுதான்."

அடுத்த கார் பொன்மலையிலேயே கிடைத்தது. மகளோடு இருக்க வெளியூர் போகவிருந்த ஒரு ரிட்டயர்ட் நர்ஸம்மாவுடையது. சாம்பல் நிறம். மட்கார்டில் நசுங்கல், சீட்டில் தையல் விட்டிருந்தது. பானெட் சில்லென்று இருந்தது.

"நீங்களே கிளப்பிப் பாருங்கம்மா. நான் பக்கத்துலகூட நிக்கல" என்று அந்த அம்மா தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

இரண்டாவது இழுப்பில் பிடித்தது. வண்டி நின்ற தரையைக் குனிந்து பார்த்தேன், எண்ணெய்ச் சொட்டு இல்லை. பின்னால் வெள்ளைத் துணியைப் புகைக்குழாயில் காட்டினேன், கறுப்பாகவில்லை. திருவெறும்பூர் வரைக்கும் போய்த் திரும்பினோம். கிளம்பும்போது ஊற்றிய பெட்ரோலில் பாதிக்குமேல் டேங்கிலேயே இருந்தது. இருந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. அதே கேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். தண்டவாளம் நெருங்க நெருங்க என் கணவர் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். வண்டி ஒரு குலுக்கலோடு தாண்டிப்போனது.

அதையே வாங்கினோம். முதல் வாரம் ஒர்க்‌ஷாப் வளைவுக்கு முன்னாலேயே, "இங்கயே நிறுத்து" என்பார். பெண்டாட்டி ஓட்டிவந்து இறக்கிவிடுகிறாள் என்று யாரும் பார்க்கக் கூடாது. அங்கிருந்து கம்பை ஊன்றி நடப்பார். அவர் வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துவிட்டு நான் வண்டியைத் திருப்புவேன். பிறகு ஒரு காலை, ஷிப்டுக்குப் போகும் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு இருபுறமும் எங்களைச் சூழ்ந்துகொண்டபோது, வளைவு வந்தது. வழக்கம்போல் வேகத்தைக் குறைத்தேன்.

"ஏன் நிறுத்தற? ஆபீஸ் வாசலுக்கே போ" என்றார்.