பட்டப்பகலில் சாத்திய கதவு

கிரீஸில் ஒரு கிராமத்தில் வேலை செய்யும் மகன் நேற்று சாட்டில் சொன்னான்: "இங்க மத்தியானம் கதவு ஜன்னலெல்லாம் சாத்திடுவாங்கப்பா. உள்ள ஜில்லுனு இருக்கும். யாரும் வந்து தட்ட மாட்டாங்க."

இன்று கும்மிடிப்பூண்டியில் கரண்ட் இல்லை. மனைவி தடுத்தும் கேட்காமல் காலையிலேயே எல்லாவற்றையும் சாத்தினேன். உச்சிவெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. அசந்துபோனேன்.

கதவு தடதடத்தது. சாக்கடைத் தகராறில் என்னோடு பேச்சை நிறுத்திய எதிர்வீட்டு மஸ்தான், கொதிக்கும் தார்ரோட்டைச் செருப்பில்லாமல் தாண்டி வந்து நின்றார்.

"யோவ், உயிரோட கீறியா? பட்டப்பகல்ல ஊட்ட சாத்திக்கினா இன்னான்னு நெனைக்கிறது?"



"உள்ள வாய்யா, மொதல்ல கதவ சாத்து" என்றேன்.

சாக்கடை விஷயத்தில் தப்பு அவர் மேல்தான்; அதில் மாற்றமில்லை. ஆனால் சுட்டுச் சிவந்த அந்தப் பாதங்களுக்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.