அரத்தால் கீறிய எண்கள்

மங்கையற்கரசிக்கு ஒரு நிறத்தின் மேல் பைத்தியம். இளஞ்சிவப்பு. சேலையில் அல்ல, சோதனைக் குழாயில்.

பழுகாமத்தில் பிறந்தவள். மட்டக்களப்பு நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் குருதி சோதித்தவள். திறந்து வைத்த தேங்காயெண்ணெய் காறிப்போவதைப் போல, குருதியில் உள்ள கொழுப்பையும் ஒட்சிசன் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய ஒரு சோதனை உண்டு. குருதியைச் சுழற்றித் தெளிவை எடுத்து, அமிலம் சேர்த்து, கொதிநீரில் வைக்க வேண்டும். கெட்டுப்போன கொழுப்பு இளஞ்சிவப்பாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அந்த நிறம் ஏறுவதை முதன்முதலாகக் கண்ட நாளில் அவள் மத்தியானச் சோற்றை மறந்துபோனாள்.

2004இல் ஒரு டொக்டரோடு சேர்ந்து நாற்பது குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியைச் சேகரித்தாள். கருவறையில் கொஞ்ச ஒட்சிசனோடு கிடந்த பிள்ளை வெளியே வந்து முதல் மூச்சை இழுக்கிறது. ஒரே இழுவையில் ஒட்சிசன் வெள்ளம்.

“பிறந்த அண்டைக்கே துருப்பிடிக்கத் தொடங்கிறம்” என்று பிரசவ அறை வாசலில் நின்று சொல்வாள்.

“வாயக் கழுவுங்க மிஸ்” என்பார்கள் தாய்மார்.

குழாய்கள் இருந்த குளிர்ப்பெட்டி கடற்கரையோரம் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில் இருந்தது. மார்கழி இருபத்தாறாம் திகதி கடல் வந்தது. நான்காம் நாள், பெட்டி வாவிப் பக்கம் கண்டல் மரங்களுக்குள் கிடந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. குழாய் ஒன்றும் உடையவில்லை. பெயர் எழுதி ஒட்டியிருந்த தாள்கள் மட்டும் கரைந்துவிட்டன. நான்கு நாள் வெயிலில் கிடந்த குருதி எப்படியும் உதவாது. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எது யாருடையது என்று தெரியாத அந்த நாற்பது வெறுங் கண்ணாடிகளையும் அவளால் குப்பையில் போட முடியவில்லை. பிள்ளைகளில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் தாளை நம்பவில்லை. ஊசிமருந்துக் குப்பியின் கழுத்தை அறுக்கும் சின்ன அரத்தால் ஒவ்வொரு குழாயிலும் எண்ணைக் கீறினாள். தாளும் ஒட்டுவாள், சட்டம் அப்படி. கீறலையும் விடமாட்டாள்.

“என்ன மங்கை, கல்வெட்டு வெட்டுறியா?” என்பார் ஆய்வுகூட உதவியாளர் ஹேர்பர்ட். பறங்கியர், அவள் வயதுக்காரர். முப்பது வருடமாக அவளைச் சீண்டுவது அவருடைய இரண்டாவது உத்தியோகம்.

யுத்தம் முடிந்து பதினொரு மாதம். 2010 சித்திரைப் புத்தாண்டுக்குப் பழுகாமத்துறையிலிருந்து எதிர்க்கரைக்குத் தோணியோட்டம் என்று அறிவித்தார்கள். மங்கையற்கரசி கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள். போட்டியில் ஆறு பேர். மூவர் இளையவர், மூவர் அறுபது தாண்டியவர். ஓட்டத்துக்கு முன் குருதி, ஓட்டம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் குருதி. கடுமையாக உழைப்பவன் அதிகம் மூச்சிழுக்கிறான், துருவும் ஏறும். ஆனால் நாற்பது வருடம் தோணி வலித்த உடம்பு துருவைத் தடுக்கப் பழகியிருக்குமா? கிழவரின் குழாய் கூடச் சிவக்குமா, குறையச் சிவக்குமா?

ஆனி மாதம் அவளுக்கு ஓய்வு. அடுத்த சித்திரைக்கு ஆய்வுகூடத்தின் கதவு அவளுக்குத் திறக்காது.

ஆறாம் எண் வினாயகமூர்த்தி. அறுபத்துமூன்று வயது. யுத்தத்தில் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் அவளை வேலைக்கு வாவி கடத்திவிட்டவர் அவர்தான். இந்த வயதில் தோணி வலிக்கக் கூடாது என்று யாரோ ஒரு டொக்டர் சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

அதிகாலையில் துறையில் வைத்துக் கையை நீட்டினார். “என்ட ரத்தத்தில என்னத்தப் புள்ள தேடுறாய்?”

“காறல் அண்ணே.”

“அதுக்கு என்னத்துக்கு ஊசி? என்ட மனிசிட்டக் கேளு. நாப்பது வருசமா மணந்து பாக்காள்.”

பக்கத்தில் நின்ற ஆச்சிப்பிள்ளை துவாயால் அவருடைய முதுகில் ஒன்று போட்டாள்.

பிறகு மங்கையற்கரசி பாலத்தைச் சுற்றி எதிர்க்கரைக்குப் போய், ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியில் காலையில் எடுத்த ஆறு குழாய்களோடு காத்திருந்தாள். ஆறு புள்ளிகள் நீருக்கு மேல் தெரிந்தன. கரை முழுக்கக் கத்தியது. அவளும் கத்தினாள். நிதுர்ஷன் என்ற இருபத்திரண்டு வயதுக்காரன் முதலாவது. அவனைத் தொட்டுக்கொண்டு இன்னொரு இளையவன். மூன்றாவது வினாயகமூர்த்தி!

ஊர் மூன்றாவதாக வந்தவரைத்தான் தூக்கியது.

ஐந்து பேரிடம் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டாள். ஆறாமவர் தோள்களின் மேல் பிள்ளையார் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பறை முழங்கியது. ஊசியும் குழாயுமாக அவள் பின்னால் ஓடினாள்.

“இறக்குங்கடா அவர!”

“தேங்கா உடைக்காம இறக்க ஏலா மிஸ்!”

ஏழு நிமிடம். எட்டு. வினாயகமூர்த்தி மேலேயிருந்து அவளைக் கண்டார். கையை நீட்டினார். “இந்தா புள்ள, எடு!”

கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணியின் மேல் அவள் ஏறினாள். “தூக்கின ஆக்கள் மூச்சுவிடக்கூடாது!” பறை நின்றது. நூறு பேர் அசையாமல் நின்றார்கள். குருதி குழாய்க்குள் அமைதியாக ஏறியது. ஒன்பதாவது நிமிடம்.

திரும்பி வந்தாள். பெட்டி வெறுமையாக இருந்தது.

காலைக் குழாய்களும் பின் குழாய்களும் வாழையிலையில் ஒழுங்காக, மரியாதையாக, வெயிலில் அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஒருவன் கிளாஸை நீட்டினான். சிவப்புச் சர்பத். மேலே ஐஸ் மிதந்தது.

“குடிங்க மிஸ். வலிச்ச ஆக்களுக்கு எண்டு ஐஸும் கொண்டுவந்திரிக்கீங்க, பெரிய மனசு உங்களுக்கு.”

அவள் கிளாஸை வாங்கவில்லை. ஏசவும் நேரமில்லை. சுற்றிப் பார்த்தாள். மரத்தடியில் ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் மீன்பெட்டி. காத்தான்குடி மஜீட், வாவி மீன் வாங்கிப் போக வந்தவர்.

“நானா, ஐஸ் இரிக்கா?”

“இரிக்கி. மீனும் இரிக்கி.”

பன்னிரண்டு குழாய்களையும் காட்டிச் சொன்னாள். மஜீட் தலையைச் சொறிந்தார். “என்ட கொடுவாக்குள்ள ரத்தத்தையா வெக்கச் சொல்றீங்க? மூடி இறுக்கமா?”

“இறுக்கம்.”

“அப்ப ஏறுங்க. கேட்டா ஐஸ்கிறீம் எண்டு சொல்லுவம்.”

காத்தான்குடியில் அவர் நிற்கவே இல்லை. கல்லடிப் பாலத்தில் காற்று அவளுடைய கொண்டையை அவிழ்த்தது. பின்னால் இருந்து அவள் “இன்னும் வேகம் நானா” என்றாள். மஜீட் கலிமா சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

ஆய்வுகூடத்தில் ஹேர்பர்ட் கொதிநீர் வைத்துக் காத்திருந்தார். மீன்செதில் ஒட்டிய குழாய்களைக் கண்டதும் வாய் திறந்தார். “மங்கை, சோதிக்கவா, மீனாணம் காச்சவா?” பிறகு முகம் மாறியது. ஒரு குழாயை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். “பேரெல்லாம் கரைஞ்சு போச்சே. ஒண்டும் இல்ல.”

அவர் அந்த நாற்பது குழாய்களையும் கண்டவர். குரல் தாழ்ந்துவிட்டது.

மங்கையற்கரசி முந்தானையால் ஒரு குழாயைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். “வாசிங்க.”

ஹேர்பர்ட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “ஆறு. பக்கத்தில ரெண்டு கோடு.”

“ஒரு கோடு முன். ரெண்டு கோடு பின்.”

பன்னிரண்டையும் வாசித்தார். ஒன்றும் பிசகவில்லை. அந்தக் கல்வெட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். சுழற்சி இயந்திரத்தின் மூடியைத் தானே திறந்துவிட்டார்.

தோள்மேல் வைத்து எடுத்த குருதி கலங்கியிருக்கும் என்று பயந்திருந்தாள். மேலே நின்ற தெளிவு வைக்கோல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. கைதட்டினாள். அமிலம் சேர்த்தாள். குழாய்களைக் கொதிநீரில் இறக்கினாள். இருவரும் குனிந்து நின்றார்கள்.

நிறம் வந்தது.

நிதுர்ஷனின் முன் குழாயில் நிறமே இல்லை எனலாம். பின் குழாய் ரோசாப்பூ. மற்ற இளையவர்களும் அப்படியே. கிழவர்களின் முன் குழாய்கள் ஏற்கெனவே கொஞ்சம் சிவந்திருந்தன. வயது போட்ட நிறம் அது. ஒரு கிழவரின் பின் குழாய் எல்லாரையும் விடச் சிவந்தது. அவர் நகரத்தில் கடைக் காவலுக்குப் போய் ஐந்து வருடமாகத் துடுப்பைத் தொடாதவர். மற்றக் கிழவருடையது மட்டாகச் சிவந்தது. ஆறாம் எண்ணின் முன் குழாயையும் பின் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். மாற்றிப் பிடித்தாள். கீறலைப் பார்க்காமல் எது எது என்று சொல்ல முடியவில்லை.

ஆறு பேரை வைத்து உலகத்துக்கு ஒன்றும் சொல்ல முடியாது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் கேள்வி இப்போது கையில் இருந்தது. குருதி தந்தவர் பெயரோடு, நிறத்தோடு.

தொலைபேசியை எடுத்தாள். ஆச்சிப்பிள்ளைதான் பேசினாள்.

“அண்ணன் எங்க அக்கா?”

“எங்க போற? தோணிய ஆரு கொண்டுபோய் விடுற? மறுகா எங்கட பக்கம், படுவான்கரைக்கு வலிச்சிப் போறார். கத்திப் பாத்தன், கேக்கார் இல்ல. ஏன் மிஸ், ரத்தத்தில ஏதும் கெடுதியா?”

“சிவக்கல்ல அக்கா! வலிச்ச பிறகும் அவர்ர குழாயில சிவப்பு ஏறல்ல!”

மறுமுனையில் காற்றுச் சத்தம். அதற்கு மேலாக ஆச்சிப்பிள்ளை வாவியைப் பார்த்துப் பெரிதாகக் கத்துவது கேட்டது.

“இஞ்சேருங்க! காறல் இல்லயாம்! மெதுவா வலிங்க!”