மின்னி பே அம்மாளின் இடது தோள்

எங்கள் தீவின் மின்னி பே கரையில், கடலைப் பார்த்த மாடி வீட்டில் அந்த அம்மாள் குடியிருந்தார். மெயின்லேண்டில் பெரிய ஜமீன் குடும்பம். அரண்மனை பங்காளிச் சண்டையில் போனதும், பட்டுப் பெட்டிகளோடு தனியாகக் கப்பலேறி வந்துவிட்டாராம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். மீன் வாங்கப் போனாலும் கழுத்தில் முத்துமாலை. மழைக்காலத்தில் அரக்குப் பட்டுக்குக் கீழே ரப்பர் கம்பூட்ஸ். ஆண்கள் சட்டைக்கு மேல் ஒட்டியாணத்தை இறுக்கிக்கொண்டு வண்டூர் பஸ்ஸில் ஏறி, "பையா, ஆராம் ஸே சலாவோ!" என்று டிரைவரை இந்தியில் அதட்டுவார். டிரைவரும் வேகத்தைக் குறைப்பார்.

அவரை வரைவதற்கென்றே ஓவியர்கள் வந்தார்கள். படம் பிடிக்க வந்தவர்கள் அவர் வீட்டு மாடிப்படியிலேயே பழியாய்க் கிடந்தார்கள். எல்லாரையும் மயக்கியது அவருடைய நிற்கும் வாகு. இடது தோள் தாழ்ந்து, இடுப்பு லேசாக அந்தப் பக்கம் தள்ளி, உலகம் எப்படிப் போனால் எனக்கென்ன என்பது போல நிற்பார். கொல்கத்தாவிலிருந்து வந்த டிசைனர் ஒருவர் அந்தத் தோளை வைத்தே ஒரு வரிசை உடைகள் செய்தார். மேடையில் நடந்த பெண்கள் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தார்கள்.

எனக்கும் அவர்மேல் பைத்தியம்தான், சொல்ல வெட்கமில்லை. சென்னையில் ஃபேஷன் படித்துவிட்டுத் திரும்பி வந்து கராச்சர்மாவில் தையல் கடை போட்டிருந்தேன். அவரைப் பார்த்து இரண்டு பிளவுஸுக்கு இடது தோளைச் சரித்து வெட்டினேன். "அளவு தப்பு" என்று இரண்டுமே திரும்பி வந்தன.

அந்த வருடம் எங்கள் கோயில் மாதா திருவிழாவுக்கு, மாதா சிலைக்கு அங்கி தைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதுவரை தூத்துக்குடிப் பக்கமிருந்து கப்பலில்தான் வரும். கோயில் பெண்களின் மாதா சபைக்குத் தலைவி என் பெரியம்மா. "நம்ம பிள்ள படிச்சிருக்கா, தைக்கட்டும்" என்று சபையில் வாதாடி வாங்கிக் கொடுத்தார். குருவி தலையில் பனங்காய்! அங்கி கோணினால் அவ்வளவுதான். மாதா அங்கியைக் கெடுத்தவளிடம் எந்தக் கல்யாணப் பெண் வருவாள்? கடையை மூடிவிட்டு மெயின்லேண்டில் யாரிடமாவது பட்டன் தைக்க வேண்டியதுதான்.

அளவுக்கு வழியில்லை. திருவிழா முடிந்ததும் பழைய அங்கியைப் பிள்ளை வரம் கேட்ட வீட்டுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். மாதா சொரூபத்தையோ கண்ணாடிக் கூண்டிலிருந்து தேர் அன்றுதான் இறக்குவார்கள். உயரம் மட்டும் சொன்னார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அச்சாக மின்னி பே அம்மாளின் உயரம்.

போய்க் கேட்டேன். "உங்க மாதாவுக்குப் பதிலா நானா?" என்று சுருட்டை அணைத்துவிட்டு எழுந்தார். "நிக்கறேன். ஆனா மூச்சு விடாதேன்னு மட்டும் சொல்லாதே. படம் போடறவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

அவர் மேலேயே துணியைப் போட்டு, அவர் மேலேயே குண்டூசி குத்தி வெட்டினேன். நீலப் பட்டு அவர் தோளில் வழிந்து இறங்கிய அழகில் கை தானாக ஓடியது. யாருக்குத் தைக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

தேர் அன்று மத்தியானம் ஆண்களை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, சபைப் பெண்கள் மாதாவுக்கு அங்கி சாத்தினார்கள். இடது தோளில் பட்டு தளர்ந்து சரிந்து நின்றது.

"ஏட்டி, என்ன இது சாஞ்சு கெடக்கு? யாரு மேல அளவெடுத்த?" என்றார் பெரியம்மா.

சொன்னேன்.

"சுருட்டுக் குடிக்கிற அந்தம்மா மேலயா? பாகல் ஆயிட்டியாட்டி? பைத்தியமா ஒனக்கு?"

பெண்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தோளைப் பிரித்து நேராக்கிவிடலாம் என்று கத்திரிக்கோலை எடுத்தேன். தைத்ததைப் பார்க்க வந்த அம்மாள் வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். பெரியம்மா கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

அம்மாள் வந்து சொரூபத்தின் பக்கத்தில் நின்றார். பெரியம்மா மாதாவைப் பார்த்தார். மாதாவின் இடது கையில் குழந்தை இயேசு. பிறகு அம்மாளைச் சுற்றி வந்து, எந்த ஓவியனும் தொடத் துணியாத அந்தத் தோளில் உரிமையோடு கை வைத்தார். பெரியம்மா ஏழு பெற்றவர்.

"பிள்ளைய இந்தப் பக்கந்தான் வச்சிருந்தியளா?"

அம்மாள் முகத்தில் அந்த அலட்சியம் இல்லை. "ஆமா" என்றார். "அவன் நடக்கவே இல்லை. பதினோரு வயசு வரைக்கும் இடுப்பிலதான் இருந்தான். வேலைக்காரங்க தூக்கினா அழுவான்."

நாங்கள் எல்லாரும் ஸ்டைல் என்று கொண்டாடியது இதைத்தானா!

பெரியம்மா என் கையிலிருந்த கத்திரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார்.

"பிரிக்காத. மாதாவும் பிள்ளையத் தூக்குறவதான."

பிறகு கதவைத் திறந்து, தேர் தூக்க ஆண்களைக் கூப்பிட்டார்.